மூச்சு முட்டுமுன்

அம்பாறைக் கரையோரத்தில் மூச்சுத் திணறலுக்கு வழங்கும் சொல் 'முட்டு'. ஆஸ்துமாவும் முட்டு வருத்தம்தான். படியேறிக் களைத்தவருக்கும் 'முட்டுது'தான். ஏழு மாதம் கடந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி அதே சொல்லைச் சொன்னால், வயிற்றுப் பிள்ளை மேலே ஏறி நெஞ்சை அமுக்குகிறது, இறங்கினால் சரியாகிவிடும் என்று வீட்டிலுள்ள மூத்த பெண்கள் ஆறுதல் சொல்வார்கள். பத்தில் ஒன்பது தடவை அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் இன்புளுவன்சாவோ கொவிட்டோ நுரையீரலுக்குள் இறங்கிவிட்ட பிறகும் அவள் வாயில் வரும் சொல் அதுவேதான். கடும் வைரசு நியூமோனியா கண்ட கர்ப்பிணிகளுக்கு மூச்சு கொடுத்த கதையை இயந்திரங்களின் கதையாகவே எழுதுவது வழக்கம்: இரும்பு நுரையீரல், பிறகு வெண்டிலேட்டர், பிறகு இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஒட்சிசன் ஏற்றும் எக்மோ. இக்கரையிலுள்ள கல்முனையில் நின்று பார்த்தால் அதே கதை வேறு ஒழுங்கில் தெரிகிறது. 'முட்டுது' என்று அவள் சொன்ன நேரத்துக்கும் முதல் ஒட்சிசன் அவள் மூக்கை எட்டிய நேரத்துக்கும் இடையில் கழிந்த மணித்தியாலங்களே பெரும்பாலும் முடிவைத் தீர்த்தன என்பது என் வாதம். அந்த மணித்தியாலங்களை நீட்டியவை எவை, குறுக்கியவை எவை என்று பார்ப்பதே இக்கரையில் இந்த வரலாற்றை எழுதும் வழி.

முதலில் உடலைப் பார்க்க வேண்டும். கர்ப்பம் முதிரும்போது உதரவிதானம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் மேலே தள்ளப்படுகிறது. மூச்சை விட்ட பிறகு நுரையீரலுக்குள் மிஞ்சி நிற்கும் காற்று, அதாவது உடலின் கையிருப்பு, ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே காலத்தில் உடலின் ஒட்சிசன் செலவு ஏறத்தாழ அதே அளவு கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம் ஒரு சிறு நட்டத்தையும் தாங்காது. கர்ப்பிணியின் நிலையும் அதுதான். இந்தக் குறையை ஈடுசெய்ய அவள் ஆழமாக மூச்சிழுக்கிறாள். அதனால் சாதாரண ஆளின் இரத்தத்தில் 40 மி.மீ. அளவில் இருக்கும் கரியமிலவாயு அழுத்தம் அவளுக்கு 30 அளவுக்கு இறங்கி நிற்கும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. நியூமோனியாவோடு இரண்டு நாள் போராடிய கர்ப்பிணியின் இரத்தவாயு அறிக்கையில் 40 என்று வந்தால், பழக்கமில்லாத கண்ணுக்கு அது சாதாரண எண். உண்மையில், மூச்சிழுத்து இழுத்துக் களைத்து அவள் தோற்கத் தொடங்கிவிட்டாள் என்பதே அதன் பொருள். ஒட்சிசன் செறிவிலும் இப்படித்தான். மற்ற நோயாளருக்கு 92, 93 என்று பொறுத்துக்கொள்ளும் வைத்தியர்கள் கர்ப்பிணிக்கு 95க்குக் குறையக் கூடாது என்பார்கள். பிள்ளைக்குப் போகும் ஒட்சிசன் தாயின் இரத்தத்தில் மிஞ்சுவதிலிருந்தே போகிறது.

இந்த உடலை 1918இல் வந்த இன்புளுவன்சா எப்படி வதைத்தது என்பதற்கு உலகில் கிடைக்கும் தெளிவான சான்று அமெரிக்காவில் ஹரிஸ் என்ற மகப்பேற்று வைத்தியர் 1919இல் வெளியிட்ட கணக்கு. அவர் திரட்டிய 1,350 கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நியூமோனியா வந்தது. நியூமோனியா வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் அந்தக் கொள்ளைநோயின் பலி எவ்வளவு என்பதே இன்னும் விவாதப்பொருள். முந்திய ஆய்வொன்று சனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் மதிப்பிட்டது. 2014இல் வெளிவந்த மறுகணிப்போ சனத்தொகை இழப்பு 3,07,000 என்றும் அது மொத்தத்தில் 6.7 சதவீதம் என்றும் சொன்னது. அதிகாரபூர்வக் கணக்கைவிட இது பல மடங்கு. அன்றைய கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதி. அம்பாறை என்ற மாவட்டம் 1961இல்தான் பிறந்தது. மட்டக்களப்புக்கு ரயில் வந்ததே 1928இல்; அவ்வளவு எட்டாத கரை இது. இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் எத்தனை வீடுகள் கிடக்கின்றன என்று யோசித்தால் போதும்: எண்ணப்படாமல் போன சாவுகள் எப்போதும் வைத்தியரின் கண்ணில் படாத சாவுகளே, கர்ப்பிணியின் சாவு அவற்றுள்ளும் 'பிள்ளைப்பேற்றில் போனாள்' என்ற பேச்சோடு எளிதில் கரைந்துவிடும் சாவு. ஒட்சிசன் கொடுக்கும் வித்தை அப்போது இல்லாமலில்லை. நச்சுவாயு பட்ட போர்வீரர்களுக்கு முகமூடி வழியாக அளந்து ஒட்சிசன் கொடுப்பதை ஹால்டேன் 1917இலேயே எழுதிவிட்டார். போர்முனைச் சிப்பாய்க்குக் கிடைத்தது கிழக்குக்கரைப் பெண்ணுக்குக் கிடைக்க இன்னும் பல தசாப்தங்கள் எடுத்தன.

இயந்திரங்களின் கதையை நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று தோன்றலாம். 1928இல் பொஸ்ரனில் வந்த இரும்பு நுரையீரல், போலியோ தாக்கிய கர்ப்பிணிகள் அதற்குள் படுத்தபடியே பிள்ளை பெறும் அளவுக்குப் பயன்பட்டது. 1952 ஓகஸ்டில் கோபன்ஹேகனின் பிளெக்டாம் வைத்தியசாலையில், மூச்சு நின்றுகொண்டிருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் பிசைந்து காற்றுச் செலுத்தச் செய்தார் மயக்கமருந்து வைத்தியர் பியோன் இப்சன். அதிலிருந்தே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது. ஆனால் அந்த மாதங்களில் அங்கே பையைப் பிசைந்தவர்கள் ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள், முறைவைத்து, இரவும் பகலும். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியதற்குக் காரணமான கருவி மிக எளியது. அரிதாக இருந்தது பக்கத்தை விட்டு நகராத ஆள். 1967இல் டென்வரில் 12 நோயாளரை வைத்து, நுரையீரல் நீர்கோர்த்து இறுகும் நோய்க்கூட்டத்துக்கு முதன்முதலாக இலக்கணம் எழுதியபோதும், மூச்சின் முடிவில் சிறிது அழுத்தத்தை விட்டுவைத்தால் சுருங்கிய காற்றறைகள் திறந்திருக்கும் என்ற கவனிப்பே அதன் பெரிய பேறு. இவையெல்லாம் மகத்தானவைதான், மறுப்பில்லை. என்றாலும் இவை ஒவ்வொன்றும் தொடங்கும் இடம் வைத்தியசாலைக் கட்டில். கட்டிலுக்கு வந்து சேராதவளுக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

இலங்கையின் தாய்மார் இறப்புக் கணக்கே இதற்கு வலுவான சான்று. 1930களில் இந்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010களின் பெரும்பகுதியில் அந்த எண் முப்பதுகளில் நின்றது. வீழ்ச்சியின் பெரும்பகுதி மாவட்ட வைத்தியசாலைகளில் வெண்டிலேட்டர் வருவதற்கு முன்பே நடந்து முடிந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த வலையமைப்பும், வீட்டுப் படலையைத் தள்ளித் திறந்து உள்ளே வரும் குடும்பநல உத்தியோகத்தரும், மலேரியா ஒழிப்பும், நுண்ணுயிர்க்கொல்லிகளும், பெண்களின் எழுத்தறிவும் சேர்ந்து செய்த வேலை அது. 'மிட்வைஃப் வந்தா, கொப்பியைக் கொண்டு வாங்க' என்ற குரல் கேட்காத கர்ப்பிணி இன்று இக்கரையில் இருக்க முடியாது. பிரசவங்கள் ஏறத்தாழ அனைத்தும் வைத்தியசாலையில்தான். இரத்த அழுத்தம், இரும்புச் சத்து, சீனி, பிள்ளையின் அசைவு எல்லாம் அந்தக் கொப்பியில் ஏறுகின்றன. இந்த அமைப்பு பிரசவ நேரத்து ஆபத்துகளுக்காக, முக்கியமாக இரத்தப்போக்குக்கும் வலிப்புக்கும், கட்டப்பட்டது. தடிமன் காய்ச்சலோடு நடுமாதத்தில் வரும் சாவு அதன் கண்ணுக்குப் பக்கவாட்டில் வந்தது.

இக்கரை முஸ்லிம் ஊர்களின் குடும்ப அமைப்பு இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1969 முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருப்பதுபோல, தாய்வழிக் குடிமுறையும், மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமும், மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும் இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை. இதன் பயனாக மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு பெண் கர்ப்பம் தரித்தால், மாமியார் வீட்டில் அந்நியமாகக் கிடக்க வேண்டியதில்லை. உம்மாவும் உம்மம்மாவும் சாச்சிமாரும் சுற்றி இருக்கிறார்கள், அல்லது அடுத்த வளவிலிருந்து ஒரு குரலில் வந்துவிடுகிறார்கள். தென்னாசியாவின் பல பகுதிகளில் கர்ப்பிணி தன் நோயைச் சொல்லவே தயங்கும்போது, இங்கே சொல்வதற்கு ஆள் உண்டு. இது பெரிய பலம் என்றே நினைக்கிறேன். அதே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கமாக வாழ்வதால் தொற்று நுழைந்தால் எல்லோரையும் தொடும் என்பதும், வரிசையாகப் பிள்ளை பெற்ற மூத்த பெண்களின் அனுபவமே 'இது சும்மா முட்டு' என்ற தீர்ப்பை உறுதியாக்கும் என்பதும் அதன் மறுபக்கம். அனுபவம் அறிந்தது கர்ப்பத்தின் முட்டு. வைரசின் முட்டு அந்த அனுபவத்துக்கு வெளியே இருந்தது. 1957இன் ஆசியக் காய்ச்சலில் மினசோற்றாவில் இறந்த பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பாதிப்பேர் கர்ப்பிணிகள் என்று கண்டறியப்பட்டபோதும், இந்தப் பாடம் வைத்தியச் சஞ்சிகைகளில் தங்கியதே தவிர வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

2009இல் எச்1என்1 வந்தபோது உலகம் இதை மறுபடி முதலிலிருந்து கற்றது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த கர்ப்பிணிகளும் அண்மையில் பிரசவித்தவர்களும் 64 பேர். அவர்களில் 44 பேருக்கு வெண்டிலேட்டர், 9 பேருக்கு எக்மோ. இறந்தவர்கள் 7 பேர். என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிகச் சிறந்த சான்று இதுதான். இத்தனை கடும் நோயில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தது இயந்திரத்தாலும் அதைக் கையாளத் தெரிந்தவர்களாலும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே ஆண்டுக் கலிபோர்னியாக் கணக்கு இன்னொன்றைச் சொல்கிறது. நோய்க்குறி தோன்றி இரண்டு நாளுக்குள் வைரசு எதிர்ப்பு மருந்து தொடங்கிய கர்ப்பிணிகளோடு ஒப்பிட்டால், பிந்தித் தொடங்கியவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவோ இறக்கவோ நாலு மடங்கு வாய்ப்பு இருந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் கர்ப்பிணிக்கு அந்த வகை மருந்தான ஒசெல்ராமிவிர் தொடங்க வேண்டும் என்ற விதி இதனால் மேலும் உறுதிப்பட்டது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தால் முரண் ஏதும் இல்லை: முதலாவது கதவுக்குள் வந்தவர்களின் கதை, இரண்டாவது எப்போது வந்தார்கள் என்பதன் கதை. சிட்னியில் பிந்தி வந்தவளுக்கும் எக்மோ இருந்தது. கல்முனையில் பிந்தி வருபவளுக்கு அடுத்த படி ஒரு அம்புலன்ஸ்.

அந்த அம்புலன்சுக்குள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாகனத்தில் கொண்டுபோகக்கூடிய சிறிய ஒட்சிசன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் 680 லீற்றர். பை வைத்த முகமூடியில் கடும் நோயாளருக்கு நிமிடத்துக்கு 15 லீற்றர் விட வேண்டும். வகுத்தால் 45 நிமிடம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஏ4 வீதியில் பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு, களுவாஞ்சிக்குடி என்று கடைத்தெருக்களை ஊடறுத்துப் போகும் பாதை. சந்தை கூடும் நேரமானால் அந்த 45 நிமிடம் மட்டுமட்டு, பொத்துவிலிலிருந்து புறப்பட்டவளுக்கு அது பாதி வழிக்கும் காணாது. விடுதி மூலையில் நிற்கும் ஆளுயரச் சிலிண்டர் 6,800 லீற்றர். அதே வேகத்தில் ஏழரை மணித்தியாலம். 2020க்குப் பிறகு எல்லோரும் பேசிய, மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் கருவியை நிமிடத்துக்கு 60 லீற்றரில் முழு ஒட்சிசனோடு ஓட்டினால் அந்தப் பெரிய சிலிண்டரே இரண்டு மணித்தியாலத்துக்குள் காலி. குழாய் வழி ஒட்சிசன் இல்லாத இடத்தில் அந்தக் கருவி வெறும் அலங்காரம்.  வைத்தியசாலைகளின் நிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது: கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலை ஒன்றும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்றும் சில நிமிட வாகனத் தூரத்தில் நிற்கின்றன. ஊரின் அரசியல் அவற்றை இரண்டு சமூகங்களின் சொத்தாகப் பார்க்கப் பழகிவிட்டது. நியூமோனியா கண்ட கர்ப்பிணிக்கு மயக்கமருந்து நிபுணரும் மகப்பேற்று நிபுணரும் சிசுப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் ஒரே இரவில் வேண்டும். இரண்டு வைத்தியசாலைகளின் பலத்தையும் அவளுக்காகச் சேர்த்து எண்ணும் ஏற்பாடே அவளுக்கு லாபம்.

கருவிகளில் இக்கரைக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் விரலில் கவ்வி ஒட்சிசன் செறிவைக் காட்டும் சிறு பெட்டியைத்தான் சொல்வேன். ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி 1974இல் அதன் தத்துவத்தைக் கண்டார். 2020 ஏப்ரலில், தன் கண்டுபிடிப்பு உலகம் முழுதும் வீட்டுப் பொருளாகிக்கொண்டிருந்த நேரத்தில், இறந்தார். இரத்தம் சிவப்பாக இருக்கும் அளவை ஒளியால் அளப்பது அதன் வேலை. ஆகவே விரலுக்கும் ஒளிக்கும் இடையில் எது வந்தாலும் கணக்குத் தடுமாறும். பெருநாளுக்கோ கலியாணத்துக்கோ இட்ட மருதோன்றி இங்கே பெண்களின் விரல் நுனியில் வாரக்கணக்கில் இருக்கும். சவூதி அரேபியாவில் 1994இல் செய்த ஆய்வொன்றில் சிவப்பு மருதோன்றி கருவியைப் பாதிக்கவில்லை, கறுப்பு மருதோன்றி ஒளியை மறித்தது. நகப்பூச்சும் அப்படியே. கறுத்த தோலுள்ளவர்களில் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசெம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. இவை சிறிய விசயங்கள்போலத் தெரியலாம். 95 என்ற கோட்டில் உயிர் தொங்கும்போது, மூன்று எண் கூட்டிக் காட்டும் கருவி அரை நாள் தாமதத்துக்குச் சமம். பூசாத விரலைத் தேடு, இல்லாவிட்டால் காது மடலில் வை, பத்து அடி நடக்கவிட்டு மறுபடி பார் என்று மிட்வைஃபுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு ஒரு சதம் செலவில்லை.

இனி, அந்த மணித்தியாலங்களை இக்கரையில் நீட்டியவற்றுள் மிகக் கசப்பானது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நல்லடக்கமும் தகனமும் இரண்டுமே செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வழிகாட்டியிருந்தது. நிலத்தடி நீர் பழுதாகும் என்ற காரணம் சொல்லப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில், பிறந்து 20 நாளேயான முஸ்லிம் சிசுவொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டபோது, பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள்; கபனுக்கான துணி அது. அதே வாரங்களில்தான் பேலியகொடை மீன்சந்தையிலிருந்து பரவிய தொற்று கிழக்கின் மீன் வியாபாரிகளோடு வந்து, அக்கரைப்பற்றில் கொத்தணியாக வெடித்திருந்தது. காய்ச்சலும் முட்டும் உள்ள ஒரு கர்ப்பிணியை வைத்துக்கொண்டு ஒரு வீடு அன்று என்ன கணக்குப் போட்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பி.சி.ஆர். எடுப்பார்கள், தொற்று என்றால் வேறு மாவட்டத்துக்கு ஏற்றுவார்கள், மவுத்தானால் ஜனாஸா கிடைக்காது, வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் சேர்த்தே நெருப்பு. இந்தக் கொள்கை வறியவர்களும் நலிந்தவர்களும் பொதுச் சுகாதார சேவையை நாடுவதைத் தடுக்கும் என்று 2021 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் சிறப்பு நிபுணர்கள் பகிரங்கமாகக் கவலை தெரிவித்தார்கள். 2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் 5இலிருந்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கல்முனையிலிருந்து 70 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள அந்த ஒரே மையவாடியில் எல்லா மதத்தவருமாக 3,600க்கு மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள்.

இந்தப் பயம் தாமதத்தை நீட்டியது என்பதை மறுப்பவர்கள் இரண்டு நியாயம் சொல்வார்கள். ஒன்று, கொவிட்டின் மிகக் கொடிய அலை 2021 ஓகஸ்ட், செப்டெம்பரில் டெல்ராவோடு வந்தது. அப்போது அடக்கம் அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆகவே பயத்தைக் குற்றம்சொல்வது காலக்கணக்கில் பொருந்தாது. உண்மைதான், டெல்ரா மாதங்களின் சாவுக்கு முதற்காரணம் வைரசின் வேகமும் ஒட்சிசன் நெருக்கடியுமே. அந்த ஓகஸ்டில் இந்தியக் கடற்படைக் கப்பல் சக்தி 100 தொன் திரவ ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டியிருந்தது. ஆனால் நம்பிக்கை என்பது வர்த்தமானித் திகதியில் ஏற்றி இறக்கக்கூடிய பொருளல்லவே. பதினோரு மாதம் ஆஸ்பத்திரிக் கதவைச் சுடுகாட்டின் வாசலாகக் கண்ட வீடு, மார்ச் மாதத்தில் ஓர் அறிவித்தல் வாசித்துவிட்டு மனம் மாறிவிடாது. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி 2021 ஜூனில் தொடங்கியபோது, ஊசியோடு வந்தது அதே அரசாங்கம். இரண்டாவது நியாயம், தாமதம் சிங்களக் கிராமங்களிலும் நடந்தது, கொழும்பிலும் நடந்தது என்பது. அதுவும் சரியே, என் வாதத்தை அது பலப்படுத்தவே செய்கிறது: எல்லா இடத்திலும் மணித்தியாலங்களே தீர்மானித்தன. இக்கரையில் அவற்றை நீட்ட அரசு தன் கையால் ஒரு காரணத்தைச் சேர்த்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அச்சம் மரணச் சான்றிதழில் எழுதப்படுவதில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனக் கொள்கைக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

வைத்தியர்களுக்குள்ளேயே எழும் வாதம் ஒன்று உண்டு: பிள்ளையை எடுத்துவிட்டால் தாய்க்கு மூச்சு இலகுவாகுமே, பிறகேன் இத்தனை சிக்கல்? உதரவிதானம் இறங்கும், செலவு குறையும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒட்சிசன் நிலை எல்லாத் தாய்மாருக்கும் முன்னேறுவதில்லை. மயக்கமருந்தும் இரத்த இழப்பும் சிலரை மேலும் தள்ளிவிடுகின்றன. 28 வாரப் பிள்ளைக்குத் தனி வெண்டிலேட்டர் தேவைப்படும். ஆகவே எடுப்பதா விடுவதா என்பது ஆளுக்கு ஆள் மாறும் முடிவு. இதைவிட எனக்கு உறுத்துவது மருந்துகள் பற்றிய தயக்கம். தொடக்கத் தடுப்பூசிப் பரிசோதனைகளிலும் சிகிச்சைப் பரிசோதனைகள் பலவற்றிலும் கர்ப்பிணிகளை விலக்கிவைத்தார்கள், பிறகு சான்று இல்லை என்று காரணம் சொன்னார்கள். பிரித்தானியாவின் ரிகவரி ஆய்வு அப்படிச் செய்யவில்லை. 2020 ஜூனில் டெக்சாமெதசோன் உயிர் காக்கிறது என்று தெரிந்தபோது, கர்ப்பிணிக்கு அதற்கு ஈடாகப் பிரெட்னிசொலோனோ ஹைட்ரோகோர்ட்டிசோனோ கொடுக்க அதில் வழி இருந்தது. இரண்டுமே எந்த ஆதார வைத்தியசாலையின் மருந்தகத்திலும் கிடைக்கும் பழைய, மலிவான மருந்துகள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதற்கு அதுகூடத் தேவையில்லை. கருப்பை பெரிய இரத்தக்குழாயை அமுக்காமலிருக்க வைத்தியர்கள் சொல்லும் அதே அறிவுரையை இக்கரையின் மருத்துவிச்சிகளும் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். வெண்டிலேட்டரில் உள்ள கர்ப்பிணியைக்கூட வயிற்றுக்கு இடம்விட்டுத் தலையணைகள் அடுக்கிக் குப்புறப் படுக்கவைக்கலாம். அதற்குப் பழகிய நாலைந்து பேரின் கைகள் வேண்டும், கோபன்ஹேகனைப் போலவே.

ஆகவே கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கும் கோவில்களுக்கும் கேட்கக்கூடியது பெரிதல்ல. ஒவ்வொரு காய்ச்சல் பருவத்திலும் கர்ப்பிணிக் கொப்பியில் இரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் ஒட்சிசன் அளவுக்கும் ஒரு கட்டம் போடட்டும். ஜும்ஆப் பிரசங்கத்தில் ஒரு நிமிடத்தை அதற்கு ஒதுக்கட்டும். அம்புலன்ஸ் புறப்படுமுன் இரண்டாவது சிலிண்டர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆளை நியமிக்கட்டும். வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். காய்ச்சலோடு பிள்ளைத்தாச்சி 'முட்டுது' என்றால், ஒரு வசனத்தை மூச்சு விடாமல் முழுதாகச் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். முடியாவிட்டால், அல்லது விரல் கருவி 95க்குக் கீழே காட்டினால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990. இக்கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்த எண் போர்க்காலத்தின் கொடிய ஆண்டொன்றை நினைவூட்டும். அதனாலேயே யாருக்கும் மறக்காது.